நடுவில் வைத்த பட்டை

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் அறைக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரிய வேண்டுமானால், புதிதாக உள்ளே வருகிறவர் கையில் இருக்கும் குடையைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. மேலே ஆபரேஷன் தியேட்டரில் வேலை முடிந்த கத்தரி, இடுக்கி, உளி, சுத்தியல் எல்லாம் ரத்தக்கறையோடு ஒரு சின்ன லிப்டில் இறங்கி வரும். அவற்றைக் கழுவித் துடைத்து எண்ணி, தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெஷினுக்குள் ஏற்ற வேண்டும். அந்த மெஷினைப் பிரஷர் குக்கரின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். ஆள் குனிந்து நுழையலாம் போன்ற வயிறு, இரும்புச் சக்கரம் வைத்த கதவு, சீறல், முக்கல், முனகல். நீராவியில் எல்லாக் கிருமியும் செத்த பிறகு பொட்டலங்கள் இன்னொரு லிப்டில் மேலே போகும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. அந்தக் கட்டடத்தில் அவள் பெயர் மறுபடி அக்கா. ஒரு கத்தரியின் மூட்டில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் "மறுபடி கழுவுங்க" என்பாள். எண்ணிக்கையில் இடித்தால் "மறுபடி எண்ணுங்க" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். வீட்டுக்கு வந்தவரிடம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்கிற குரலில் சொல்வாள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

இதை வைத்து அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்தால் அவளுடைய கணவர் வாய்விட்டுச் சிரிப்பார். கடைக்காரர் அழுகின தக்காளியை அள்ளிப் போட்டால் அப்படியே வாங்கி வருகிற ஆள் அவள். ஒரு தடவை செருப்புக் கடையில், "போடப் போட இளகிடும்மா" என்று ஒருவர் அடித்துச் சொன்னதை நம்பி, ஒரு அளவு சின்னதாக வாங்கி வந்து மூன்று மாதம் நொண்டினாள். திருப்பிக் கொடுக்கச் சொன்னதற்கு, "பாவம், அவ்ளோ நேரம் குனிஞ்சு மாட்டி விட்டாருங்க" என்றாள். பேருந்தில் தன் இடத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர் இறங்கும்வரை நின்றுகொண்டு வருவாள். இப்படிப்பட்டவள்தான் ஒரு வியாழக்கிழமை அந்த மருத்துவமனையையே நிறுத்தினாள்.

கதை அதற்கு முந்தைய திங்கட்கிழமை தொடங்குகிறது.

அதற்குக் கொஞ்ச காலம் முன்னால் புது சூப்பர்வைசர் வந்திருந்தார். கெட்டவர் இல்லை. வந்த அன்றே எல்லோருக்கும் வணக்கம் சொன்னவர், உடைந்த மின்விசிறியை மாற்றிக் கொடுத்தவர். ஆனால் மேலே தினம் ஆறு ஆபரேஷன் நடந்தது போய்ப் பதினொன்று நடக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு மெஷினில் ஒன்று ஏழு மாதமாகப் பிரித்துப் போட்டது போட்டபடி கிடந்தது. மிச்சமிருந்த ஒன்றில்தான் அவ்வளவையும் திணிக்க வேண்டியிருந்தது.

மெஷினில் ஏற்றும் ஒவ்வொரு லோடோடும் விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை உள்ளே போகும். போகும்போது வெள்ளை. சூடும் நீராவியும் போதுமான அளவு, போதுமான நேரம் பட்டிருந்தால் கரிக்கட்டை மாதிரி கறுத்து வெளியே வரும். அதை லோடு நோட்டில் ஒட்டி, ஏற்றினவர் கையெழுத்துப் போட்டால்தான் பொட்டலங்கள் மேலே போகலாம். வேறு யாரும் போட முடியாது. ஏற்றினவர்தான் போட வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை அவள் ஏற்றிய லோடில் பட்டை சாம்பல் நிறத்தில் வந்தது.

சூப்பர்வைசர் அதை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "கறுப்புதானே அக்கா?"

"சாம்பலா இல்ல இருக்கு சார்?"

"சாம்பலா?" அவர் திரும்பி, தொட்டியில் கழுவிக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினார். "நீங்க சொல்லுங்க, இது என்ன கலர்?"

"கறுப்பு சார்."

கருவி எண்ணுகிற பெண் எட்டிப் பார்த்து, "கறுப்பு" என்றாள். தள்ளுவண்டிக்காரர் கறுப்பு என்றார். ஏதோ காகிதம் வாங்க வந்த தியேட்டர் நர்ஸ்கூடக் கறுப்பு என்றாள். கடைசியாகப் பட்டை, எல்லோரும் மடிப்பு என்று கூப்பிடுகிறவளின் கைக்கு வந்தது. பொட்டலத் துணியை இஸ்திரி போட்ட மாதிரி மடிக்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பதினொரு வருடமாக மறுபடி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவள். அவள் பட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"கறுப்புதான்க்கா. கொஞ்சம் சோர்ந்து போன கறுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவர்களோடு சேர்ந்து சிரிக்கும்போது, ஆமாம் கறுப்புதான் என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகவே இருந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். கறுப்பாகத் தெரிந்துவிடு, தெரிந்துவிடு என்று அந்தத் துண்டுக் காகிதத்தைக் கெஞ்சாத குறை. அது சாம்பலாகவே இருந்தது.

"மறுபடி போடலாம் சார்" என்றாள்.

பெரியவர் தொட்டிக்குள் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பாதிப் பொட்டலங்களை வெளியே எடுத்துவிட்டு மறுபடி போட்டார்கள். பட்டை கரேலென்று வந்தது. கையெழுத்துப் போட்டாள். மேலே முதல் ஆபரேஷன் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போய், சூப்பர்வைசர் போனில் யாரிடமோ நின்றுகொண்டே திட்டு வாங்கினார்.

"பாதி பாதியா வேகவெச்சா பதினோரு கேஸ் என்னைக்கு முடியும் அக்கா? நாளைலேர்ந்து நீங்க எண்ணுற மேஜையில இருங்க. ரெண்டு ஷிப்டும் அவரே ஏத்தட்டும்."

அவர் என்றது, பிற்பகல் ஷிப்டில் மெஷின் ஏற்றுகிறவரை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் வாய் பிதுங்கும்படி மெஷினை நிரப்பினார். ஒவ்வொரு பட்டையும் அண்டங்காக்கை நிறத்தில் வந்தது. ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர் அதை அவள் மேஜைக்கு எடுத்து வந்து காட்டிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அதே மெஷின். அதே துணி. அதே தண்ணீர். எல்லோருக்கும் கறுக்கிறது, எனக்கு மட்டும் கறுக்கவில்லை என்றால், கோளாறு மெஷினில் இருக்க முடியாது இல்லையா? செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டாள். கடைக்காரர் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைக் காட்டிக் காட்டிக் கேட்டார். அத்தனையும் சரியாகச் சொன்னாள். "கிட்டப் பாக்கிறதுக்குக் கொஞ்சம் பவர் ஏறியிருக்கு. கலர்ல ஒரு குறையும் இல்லை" என்றார். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

புதன்கிழமை சாயங்காலம் கணவரிடம் காட்டினாள். அவர் கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர். இருபத்தைந்து வருடம் சுவரைப் பார்த்தே பழுத்த கண். முழங்கையில் காய்ந்திருந்ததைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தவரிடம், திங்கட்கிழமைப் பட்டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"இது என்ன கலருங்க?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்களேன்."

அவர் விளக்கடியில் பார்த்துவிட்டுத் திருப்தி இல்லாமல் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். தொழில் கேள்வி என்றால் அவருக்கு விளையாட்டு கிடையாது.

"கறுப்பாகணும்னு கெளம்பின கலர். வழியில டீ குடிக்க நின்னுடுச்சு."

மூன்று நாளில் முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"அப்ப கறுப்பு இல்லைதானே? நீங்களும் சொல்றீங்கல்ல?"

"கறுப்பு இல்ல. அதுல சந்தேகமே இல்ல. ஆனா இத்தனை பேரு கறுப்புங்கறப்ப நீ எதுக்கும்மா குறுக்க விழுற? எனக்கும் தெனம் நடக்கிறதுதான். வீட்டுக்காரரு இது க்ரீம்ங்கறாரு. எனக்கு மஞ்சளாத் தெரியுது. நான் என்ன மல்லுக்கட்டவா செய்யறேன்? க்ரீம்தான் சார்னு அடிச்சிட்டு வந்துடறேன். செவுரு என்ன செத்தா போயிடும்?"

"செவுரு சாகாதுங்க" என்றாள் அவள்.

அவர் முழங்கையைத் தேய்க்கப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "பாத்து நடந்துக்க. வேலை போச்சுன்னா இந்த வயசுல இன்னொண்ணு தேட முடியாது" என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வியாழக்கிழமை பிற்பகல்காரர் லீவு போட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் சூப்பர்வைசர் அவளையே மெஷினுக்கு அனுப்பினார். அவள் போனபோது, முந்தின நாள் கடைசி லோடை மடிப்பு இறக்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தவள் விளிம்பிலேயே இருந்த சின்னப் பாக்கெட்டைத் தூக்கி, அதிலிருந்து பட்டையை உருவினாள்.

"பட்டை ஏன்டி வாசல்லயே கெடக்கு?"

"எப்பவும் அங்கதானே வைக்கிறது."

"நடுவுல இல்ல வைக்கணும்? நடு அடுக்குல, நடுப் பொட்டலத்துக்கு அடியில?"

"உள்ள கைய விட்டா வெந்து போயிடும்க்கா. வாசல்ல வெச்சா டக்குனு எடுத்துக்கலாம். நாங்க எல்லாரும் அப்படித்தான் வைக்கிறோம். நீங்க நடுவுலயா வைக்கிறீங்க?" மடிப்புக்கு உண்மையாகவே ஆச்சரியம். "அதான் உங்க கை அங்கங்க சுட்டுக் கெடக்கா? நான்கூட வீட்டுல அடுப்புல சுட்டுக்கறீங்கன்னு நினைச்சேன்."

செவ்வாயும் புதனும் சூப்பர்வைசர் காட்டியது அவளுடைய பட்டை இருந்த இடத்துப் பட்டையே இல்லை. அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் நடுவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் எப்போதும் நல்ல சூடு. நடுவில் வேகிறதா என்று அவளைத் தவிர யாரும் பார்த்ததே இல்லை.

கண்ணில் கோளாறு இல்லை என்ற சந்தோஷத்தில் அவள் ஒரு தவறு செய்தாள். மடிப்பிடம் நின்று நிதானமாகப் பேசாமல், நேரே சூப்பர்வைசரிடம் போய், "இவங்க எல்லாம் வாசல்ல வைக்கிறாங்க சார், அதான் கறுப்பா வருது" என்று சொல்லிவிட்டாள். மடிப்பு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார். "அவ்ளோதானா விஷயம்? அப்ப நீங்களும் வாசல்லயே வெச்சிடுங்க அக்கா. பிரச்சனை முடிஞ்சுது."

அதில் பொய் சொல்லச் சொல்லவில்லை, கள்ளக் கையெழுத்துக் கேட்கவில்லை. ஒரு முழம் முன்னால் வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். எல்லோரும் வைக்கிற இடத்தில். பட்டை கறுப்பாக வரும், அவள் கண்ணுக்கும் கறுப்பாகத் தெரியும், கையெழுத்தும் நியாயமானதாகவே இருக்கும். அவள் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மெஷின் கதவைப் பிடித்துக்கொண்டு நன்றாகவே யோசித்தாள். பிறகு இரண்டு பட்டைகளை எடுத்தாள். ஒன்றை வாசலில் வைத்தாள், ஒன்றை நடுவில்.

வாசல் பட்டை கறுப்பு. நடுப் பட்டை திங்கட்கிழமையைவிட வெளுப்பு. பாதிப் பொட்டலங்களை இறக்கிவிட்டு மறுபடி போட்டாள். இந்தத் தடவை அதுவும் கைகொடுக்கவில்லை. நடுவில் சாம்பல்தான்.

அந்த லோடின் நடுவில் எலும்பு ஆபரேஷனுக்கான செட் இருந்தது. மருத்துவமனையில் அது ஒன்றுதான். மேலே அதற்காகக் காத்துக்கொண்டிருந்தவர் ஒரு பஸ் டிரைவர். தன் பஸ்ஸின் படியிலேயே வழுக்கி விழுந்து முழங்கால் சில்லை இரண்டாக உடைத்துக்கொண்டவர். வேகாத கருவி எலும்புக்குள் போனால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சீழ் பிடிக்கும், எலும்பில் பிடித்த சீழ் லேசில் போகாது, சில சமயம் காலையே கேட்கும். தெரிந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை. தியேட்டரிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. நாலாவது தடவை போனுக்குப் பதில் டிரைவரின் மனைவியே கீழே இறங்கி வந்தாள். யார் வழி சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. சூப்பர்வைசர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு இங்க கையெழுத்துப் போட மாட்டேன்னு உக்காந்திருக்கறது?"

"நான்தாம்மா."

"நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்காம கெடக்கறாருங்க. வலியில பல்லைக் கடிச்சு உதடு கிழிஞ்சு போச்சு. ரெண்டு தடவை ஸ்ட்ரெச்சர்ல ஏத்தி எறக்கிட்டாங்க. உங்களுக்கு ஈரக்கொலையே கெடையாதா?"

அவள் இரண்டு பட்டைகளையும் எடுத்துக் காட்டினாள். "இது பாருங்கம்மா, ஓரத்துல வெச்சது. இது நடுவுல வெச்சது. உங்க வீட்டுக்காரருக்குப் போற கருவி நடுவுலதான்…"

"எனக்குக் கறுப்பும் தெரியாது வெளுப்பும் தெரியாது. கையெழுத்தைப் போடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

உண்மையாகவே குனிந்துவிட்டாள். மறுபடி அக்கா அவளுடைய தோளைப் பிடித்து நிறுத்தினாள். சூப்பர்வைசர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். யாருக்காக நிற்கிறோமோ அவர் வீட்டு மனுஷியே வந்து, நீ நிற்காதே, விலகு என்று காலில் விழுந்தால் என்ன செய்வது?

"போட மாட்டேன்மா" என்றாள். "என்னைத் திட்டிக்கங்க. போட மாட்டேன்."

அந்தப் பெண் திட்டினாள். முழுசாக ஐந்து நிமிடம், மூச்சு விடாமல், அவள் குடும்பம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு மேலே போனாள்.

சூப்பர்வைசர் லோடு நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் பேனாவை வைத்தார். அக்கா என்ற சொல் இப்போது காணாமல் போயிருந்தது.

"மேடம். நான் உங்களை ஒண்ணும் தப்புப் பண்ணச் சொல்லலை. வாசல் பட்டையை ஒட்டுங்க. எல்லாரும் ஒட்டற பட்டை. அது கறுப்பா இல்லையா?"

"கறுப்புதான் சார்."

"அப்புறம் என்ன? ஒரு கையெழுத்துதானே!"

"ஒரு கையெழுத்துதானே சார், நீங்க போடுங்களேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தால் அவர் போடலாமே என்று நினைத்து, வழிவிடுகிற மாதிரிதான் சொன்னாள். தொட்டியில் ஓடிய தண்ணீரைப் பெரியவர் மூடினார். எல்லோரும் பேனாவைப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் அதைத் தொடவில்லை. "ஏத்தினவங்கதான் போடணும். ரூல்" என்றார்.

"சரி சார்" என்று அவளே எடுத்துக்கொண்டாள். இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். கீழே எழுதினாள்: 'கதவோரம் கறுப்பு. நடுவில் சாம்பல். இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. மேலே அனுப்பக் கூடாது. முன்பு போன பொட்டலங்களையும் திருப்பி அனுப்பவும்.' மணியைக் குறித்தாள். சம்பளச் சீட்டில் இருக்கும் முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டாள். நோட்டைத் தூக்கிப் பொட்டலம் போகிற லிப்டில் வைத்து, மேலே போகும் பொத்தானை அழுத்தினாள்.

பிறகு கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

நோட்டை டாக்டர் படித்தார். அன்றைக்கு மிச்சமிருந்த அத்தனை ஆபரேஷனும் நின்றது. பிற்பகலுக்குள் அவளுக்கு ஒரு காகிதம் வந்தது: மேலதிகாரியின் அனுமதியில்லாமல் ஆவணத்தை அனுப்பியது ஏன் என்று விளக்கம் தர வேண்டும், அதுவரை துணி துவைக்கும் அறையில் வேலை பார்க்க வேண்டும். வீட்டில் கணவர் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி, நாலு காசு குறைஞ்சா கஞ்சி குடிச்சுக்கலாம்" என்றார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லாமல் இருந்ததை அவள் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டு, அடியில் இருந்த உள்ளங்கை அளவு சல்லடையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே இருக்கும் காற்று அந்தச் சல்லடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். பொட்டலத் துணியின் நூலும் பஞ்சும் சேர்ந்து அதில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. காற்றுக்குப் போக வழியில்லை. நடுவிலேயே குந்திக்கொண்டு நீராவியை அண்டவிடாமல் செய்திருக்கிறது.

"ஒரு தலையணையே தைக்கலாம் போல இருக்கே! தெனம் காலையில இதைச் சுத்தம் பண்றது யாரு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் லோடுக்கு முன்னால் அதற்கென்று கால் மணி நேரம் இருந்தது. பதினொரு ஆபரேஷன் வந்ததும் அந்தக் கால் மணி நேரம் எங்கே போனது என்று யாரும் தேடவில்லை. துவைக்கும் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்த மறுபடி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நானும்தான் பாக்கல."

கைதட்டல் ஒன்றும் இல்லை. அவளைத் திருப்பி அழைத்தார்கள், விளக்கக் காகிதத்தை எங்கேயோ போட்டு மறந்தார்கள். மூன்று வாரமாக மேலே போயிருந்த பொட்டலங்கள் இருநூற்றுச் சொச்சம் திரும்பி இறங்கி வந்தன. எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, எண்ணி, மடித்து, ஏற்ற வேண்டும். எல்லோருக்கும் முதுகு ஒடிந்தது. அவர்களில் ஒருவருக்கும் அவள்மேல் நன்றி இல்லை. இருக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் மட்டும் ஒரு நாள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அன்னைக்கு அவ்ளோ கறுப்பாத் தெரியலம்மா" என்றார். "அப்ப சொல்லியிருக்கலாமே" என்றாள். "எல்லாரும் கறுப்புன்னாங்க" என்றார்.

அவரே முதலில் கறுப்பு என்று சொன்னவர் என்பதை அவள் நினைவுபடுத்தவில்லை.

மடிப்பு இரண்டு வாரம் வேறு மேஜையில் சாப்பிட்டாள். கடைசியில் மறுபடி அக்காவே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன கோவம் உனக்கு?"

"என் மேல தப்புதான். நான் வாசல்ல வெச்சேன். ஆனா பதினோரு வருஷம் ஒண்ணா சாப்பிட்டவக்கா நான். எங்கிட்ட ஒரு வார்த்தை, இது தப்புடின்னு சொல்லிட்டு அப்புறமா அவர்கிட்ட போயிருக்கக் கூடாதா? நாலு பேரு முன்னாடி மாட்டி விட்டீங்க."

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"அது தப்புதான்" என்றாள். "என் கண்ணு நல்லா இருக்குங்கற சந்தோஷத்துல ஓடிட்டேன்."

"சந்தோஷமாம் சந்தோஷம்" என்று மடிப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

சூப்பர்வைசர் ஒரு நாள் சுற்றி வளைத்துக் கேட்டார். அவருக்கும் அந்தப் பேனா மனதுக்குள் உறுத்திக்கொண்டிருக்க வேண்டும். "உங்களுக்கு அன்னைக்குப் பயமாவே இல்லையா அக்கா?"

"பயமில்லாமயா வாந்தி எடுத்தேன்?"

"அப்புறம் எப்படி?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். மனதில் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. "எனக்கும் கறுப்பாத் தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேன் சார். தெரியல. அவ்ளோதான்."

அவருக்கு அது பதிலாகத் தோன்றவில்லை. ஆனால் அவளைக் கொஞ்ச நாள் பார்த்தவர்களுக்கு அதுதான் முழுப் பதில் என்று தெரியும். பல பேர் வாயால் சரி என்று சொல்லும்போதே கண்ணும் சேர்ந்து சரி என்று பழகிவிடுகிறது. கொஞ்ச நாளில் சாம்பலே கறுப்பாகிவிடுகிறது. அவளுடைய கண் அப்படிப் பழகவில்லை. பிறருக்காக அவள் எதையும் விட்டுக்கொடுப்பாள்: பேருந்தில் தன் இடத்தை, கடையில் தன் தக்காளியை. அதெல்லாம் அவளுடையது, அதனால் கொடுக்க முடிந்தது. டிரைவரின் முழங்கால் அவளுடையதில்லை. தன்னுடையதல்லாத ஒன்றை எப்படி விட்டுக்கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதை வீரம் என்று சொன்னால் சிரிப்பாள். நாம் சொல்லலாம்.

டிரைவரின் ஆபரேஷன் அந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை நடந்தது. ஏழு வாரம் கழித்து ஒரு முற்பகலில், அறை வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. டிரைவரின் மனைவி.

"நீங்கதானே அன்னைக்கு?"

"ஆமாம்மா." கை தானாக முன்றானையைத் தேடியது.

"நாலு நாள். நாலு நாள் அந்த மனுஷன் கத்தின கத்து இன்னும் என் காதுல கேக்குது. டாக்டர்தான் அப்புறம் எல்லாம் எடுத்துச் சொன்னாரு. சொன்னா? கோவம் போயிடுமா? எனக்கு இன்னும் உங்க மேல கோவம் இருக்கு."

"இருக்கட்டும்மா. புண்ணு ஆறிடுச்சா?"

"ஆறாம என்ன? பொட்டுச் சீழ் வைக்கல. ஆறினதுதான் இப்ப எனக்குப் பெரிய தொல்லை. குச்சியை ஊனிக்கிட்டு அடுப்படி வரைக்கும் வந்து நின்னு, அதை ஏன் அங்க வெச்சே, இதை ஏன் இங்க வெச்சேன்னு ஒரே நொட்டை. படுத்துக் கெடந்தப்ப ஒரு நிம்மதி இருந்துச்சு." அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "இப்பகூடப் பாருங்க, லிப்ட் வேணாமாம். படியிலதான் எறங்குவேன்னு மேல நின்னு அடம் பண்றாரு."

"ஏய், எங்க போய்த் தொலைஞ்சே?" என்று மாடிப்படியிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. பஸ்ஸின் கடைசி சீட் வரை கேட்கப் பழகின குரல்.

"வரேன், வரேன், உசிரு போயிடாது!" என்று கத்திவிட்டு அவள் போனாள். சொல்லிக்கொள்ளவில்லை.

மறுபடி அக்கா நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். குச்சி ஒரு படி, கால் ஒரு படி. அடுத்த குச்சி, அடுத்த கால். நடுநடுவே மனைவியைத் திட்டல், மனைவி திருப்பித் திட்டல். பதினாறு படி. கடைசிப் படியில் கால் பதிந்த சத்தம் கேட்டதும் உள்ளே போய், கையைக் கழுவி, அடுத்த லோடை ஏற்றத் தொடங்கினாள்.